22 நிமிடம் பேசினேன், 18 விநாடி வந்தது

மூன்று வாரமாக எழுதாமல் தள்ளிப்போட்டேன். கோபம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். முழுதாக அடங்கவில்லை. ஆனால் கோடை தொடங்கிவிட்டது, தண்ணீர் பற்றிப் பேச இன்னும் பல ஆய்வாளர்களை டிவிக்காரர்கள் தேடுவார்கள். அவர்களுக்காவது பயன்படட்டும்.

நான் பெங்களூரில் நிலத்தடி நீர் ஆய்வு செய்பவள். ஏரிகளை ஒட்டிய போர்வெல்களில் நீர்மட்டத்தை எங்கள் குழு தொடர்ந்து அளந்து வந்தது. ஏரி நிரம்பினால் பக்கத்துக் கிணறும் நிரம்பிவிடும் என்ற நம்பிக்கை எல்லா இடத்திலும் சரியில்லை, கீழே பாறையில் விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது. கட்டுரை வெளியானது. ஊடகங்களிடம் பேசுவதற்கான படிவம், துறைத்தலைவர் கையெழுத்து, இயக்குநர் ஒப்புதல் எல்லாம் நான்கு நாளில் முடிந்தன. அந்த ஒப்புதலை வாய்மொழியாக விடாமல் மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டேன். பிறகு அது பெரிய உதவியாக இருந்தது.

முதல் அடி பத்திரிகையில் விழுந்தது. ஆய்வுக் கட்டுரையில் மீட்டர் கணக்கு, அதையே பத்திரிகைக் குறிப்பிலும் போட்டிருந்தேன். 300 மீட்டர் என்றது அச்சில் 300 அடி என்று வந்தது. கிட்டத்தட்ட 1,000 அடி ஆழம் 300 அடியாகிவிட்டது. அந்த நிருபரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்த ஊரில் போர்வெல் போடுகிறவர், வீட்டுக்காரர், டேங்கர்காரர் எல்லோருமே அடியில்தான் பேசுகிறார்கள். அவர் காதுக்கு அடிதான் இயல்பு. குறிப்பு எழுதும்போதே நான் அடியில் எழுதியிருக்க வேண்டும். போன் செய்ததும் இணையப் பதிப்பில் அரை மணி நேரத்தில் திருத்திவிட்டார், மறுநாள் அச்சிலும் சின்னதாகத் திருத்தம் போட்டார்கள். பத்திரிகைக்காரர்களிடம் செய்தியை முழுதாகக் காட்டச் சொல்லாதீர்கள், பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். எண்களையும் நான் சொன்னதாக வரும் வாக்கியங்களையும் மட்டும் ஒருமுறை போனில் படித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கேட்ட ஐந்து பேரில் நான்கு பேர் படித்துக் காட்டினார்கள்.

அப்புறம் ஒரு தமிழ்ச் சேனலின் பெங்களூர் நிருபர் அழைத்தார். சின்னப் பையன், மரியாதையாகப் பேசினார். "மேடம், பெங்களூருல தண்ணி எப்போ தீரும்? ஒரு வருஷம் மட்டும் சொல்லுங்க, டெஸ்க்ல கேட்கிறாங்க."

டெஸ்க் என்றால் அலுவலகத்தில் செய்தியை வெட்டித் தொகுப்பவர்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சென்னை, பெங்களூர், டெல்லி, ஐதராபாத் உட்பட 21 நகரங்களில் 2020-க்குள் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்று 2018 ஜூனில் நிதி ஆயோக் அறிக்கை ஒன்றில் வந்தது. எல்லாத் தொலைக்காட்சிகளும் அதைச் சொன்னன. 2020 வந்தது, போனது. நிலத்தடி நீர் அப்படி ஒரு தேதி வைத்துத் தீர்வதில்லை. ஒரு தெருவில் வற்றும், அடுத்த தெருவில் ஊறும், மழைக்குப் பிறகு ஏறும். 2024 மார்ச்சில் இங்கே நிஜமாகவே தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, "இப்படித்தான் அப்பவும் சொன்னாங்க" என்று என் காதுபடப் பேசியவர்கள் உண்டு. ஒரு பொய்த் தேதியால் உண்மையான எச்சரிக்கையின் மதிப்பும் போய்விடுகிறது. அதனால் வருஷம் சொல்ல மாட்டேன் என்று உறுதியாகச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரி மேடம், அப்போ ஏரிக்கரையில ஒரு பைட் எடுக்கலாம்" என்றார்.

கேமரா முன் பேசி எடுக்கும் சின்னத் துண்டைத்தான் பைட் என்கிறார்கள். மறுநாள் காலை ஏரிக்குப் போனோம். எந்த ஏரி என்று சொல்ல வேண்டாம். வாசலில் காவலர், பெரிய கேமரா உள்ளே போக எழுத்து அனுமதி வேண்டும் என்றார். யாரிடம் வாங்குவது என்று கேட்டால் ஓர் அலுவலகத்தைச் சொன்னார். அங்கே போனால் இது எங்களுடையது இல்லை என்று இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே கையெழுத்துப் போடுபவர் விடுப்பில். இரண்டு ஆட்டோ, ஒரு மெட்ரோ, மூன்றரை மணி நேரம் வீண். பெங்களூரில் ஏரிகள் ஒரே துறையின் கையில் இல்லை, ஏரிக்கு ஏரி மாறும். டிவிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். எங்கே எடுக்கப் போகிறோம், அனுமதி யார் கையில் என்று முதல் நாளே கேளுங்கள்.

கடைசியில் எங்கள் நிறுவனத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு புங்கமரத்தடியில் எடுத்தார்கள். வெயில், களைப்பு, பசி. காலரில் மைக்கை மாட்டினார்கள். 22 நிமிடம் பேசினேன். அந்த 22 நிமிடத்தையும் என் மாணவி தன் போனில் பதிவு செய்தாள். நான்தான் செய்யச் சொல்லியிருந்தேன், நிருபரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

இரவு எட்டு மணிச் செய்தியில் 18 விநாடி வந்தது. மாற்று வழி என்ன என்று பின்னணிக் குரல் கேட்டது. என் முகம் வந்தது. "இன்னும் ஆழமாகப் போட்டால் தண்ணீர் கிடைக்கும்" என்றேன். அடுத்து டேங்கர் லாரி.

நான் சொன்னது இது: "இன்னும் ஆழமாகப் போட்டால் தண்ணீர் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு."

பதிவைப் பத்து முறையாவது கேட்டிருப்பேன். எங்கே தவறினேன் என்று அப்புறம் புரிந்தது. நம் மொழியில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. 'என்று' என்ற சொல் வரும்வரை, அது யாரோ சொன்னதா நான் சொல்வதா என்றே தெரியாது. வீட்டில் பேசுவது போல "கிடைக்கும்னு" என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் வெட்டவே வராது. கேமரா முன் நல்ல தமிழ் பேச வேண்டும் என்று "கிடைக்கும்" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகு "என்று" சொன்னேன். அந்த மூச்சில்தான் கத்தரி விழுந்தது. நிருபர் வேறு செய்திக்குப் போய்விட்டாராம். வெட்டியவர் டெஸ்க்கில் இருந்த வேறொருவர், மற்ற 21 நிமிடத்தைக் கேட்டிருக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

இதோடு முடிந்திருந்தால் மானக்கேடு என்று விட்டிருப்பேன். எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முப்பது வருஷம் கடையில் நின்று சேர்த்த பணத்தில் ராமமூர்த்தி நகருக்கு அப்பால் ஆறு குடித்தனம் வாடகைக்கு விடும் கட்டடம் கட்டியிருக்கிறார். அங்கே காவிரிக் குழாய் இன்னும் வரவில்லை. 900 அடி போர்வெல் போன மாதம் நின்றுவிட்டது. செய்தி வந்த நான்காம் நாள் கடைக்குப் போனேன். முகமெல்லாம் மலர்ந்து, "ஏம்மா, டிவியில பாத்தேன். நம்ம ஊருப் பிள்ளை சொல்லுது, அப்புறம் என்ன யோசனைன்னு வண்டிக்குச் சொல்லிட்டேன். நேத்து ராத்திரி 1,400 அடி" என்றார்.

"தண்ணி வந்துச்சா அண்ணாச்சி?"

"பொடிதான் வந்துச்சு."

போர்வெல் போடும் திருச்செங்கோட்டு வண்டி. விடிய விடிய ஓடியிருக்கிறது. மூன்று லட்சத்துக்கு மேல் செலவு. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, பூமிக்குள்ள இருக்கறது யாருக்குத் தெரியும் என்றுதான் சொன்னார். எனக்குத் தெரியும், அண்ணாச்சி. அதைத்தான் 22 நிமிடம் சொன்னேன். பெங்களூருக்குக் கீழே இருப்பது நைஸ் என்னும் கெட்டிப்பாறை. மணல் நிலம் போலத் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும் நிலம் இல்லை. மேலே மக்கிய பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே விரிசல்களிலும்தான் நீர் நிற்கிறது. ஆழம் போகப் போக விரிசல்கள் குறைந்து இறுகிக்கொண்டே போகும். அதிர்ஷ்டத்தில் ஆழத்தில் ஒரு விரிசல் அகப்பட்டாலும் அதில் இருப்பது பழைய நீர், எடுத்தால் திரும்ப ஊற வெகுகாலம் ஆகும். கடையில் நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்டார். "முன்னாடியே ஒரு போன் போட்டுருக்கலாம்மா நான்" என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் புகார் எழுத உட்கார்ந்தேன். இங்கேயும் இரண்டு நாள் வீண். இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு நீளமாக எழுதினேன். அனுப்பும் முன் ஒரு மூத்த பத்திரிகையாளரிடம் காட்டினேன், "அம்மா, மன்றம் அச்சு ஊடகத்துக்குத்தான், டிவிக்கு இல்லை" என்றார். டிவிக்கு வேறு வழி. 2021-இல் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி ஒவ்வொரு சேனலுக்கும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். அதனால் நேரே சேனலுக்கு எழுதுங்கள். செய்தி வந்த தேதி, நேரம், எந்தச் செய்தித் தொகுப்பு, வந்த வாக்கியம், சொன்ன வாக்கியம், இவ்வளவு போதும். என் முதல் வரைவு மூன்று பக்கம், அனுப்பியது அரைப் பக்கம். கூடவே மாணவியின் பதிவில் அந்த ஒரு நிமிடத்தையும் ஒப்புதல் மின்னஞ்சலையும் இணைத்தேன். என் நிறுவனம் எனக்குப் பின்னால் நிற்கிறது என்று அந்த மின்னஞ்சல் அவர்களுக்குச் சொன்னது.

பெற்றுக்கொண்டோம் என்ற பதில் மறுநாளே வந்தது. பிறகு மௌனம். நான் போன் செய்தபோது ஒருவர், "உங்க வாயில வந்த வார்த்தைதானே மேடம், நாங்க எதுவும் சேர்க்கலையே" என்றார். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. சேர்க்கவில்லை, சரி. 'அது தவறு' என்பதை எடுத்துவிட்டார்களே!

ஒன்பதாம் நாள் அழைத்தார்கள். யூடியூபில் இருந்த துண்டை எடுத்துவிட்டார்கள். திருத்தம் வாசிப்பதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு செய்தியே எடுத்துத் தருகிறோம் என்றார்கள். இரண்டும் வேண்டும் என்று நின்றேன். முந்தைய செய்தியில் ஆய்வாளரின் கருத்து முழுமையாக இடம்பெறவில்லை என்ற ஒரு வரியோடு புதிய செய்தி தொடங்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததை விடவும் மனமில்லை.

இந்த முறை இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன். லால்பாக்கில் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறை அதே நைஸ்தான், சுமார் 300 கோடி ஆண்டு வயது, தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்ற பலகையும் அங்கே இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டதால் அனுமதியில் தொல்லை இல்லை. டிவிக்குப் படம் வேண்டும். ஏரியைக் காட்டினால் தண்ணீர் தெரியும், பாறை தெரியாது. என் விஷயமோ பாறை. கையோடு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். பாறையின் மேல் ஊற்றினேன். வழிந்து ஓடியது. ஒரு விரிசலைத் தேடி அதில் ஊற்றினேன். உள்ளே இறங்கியது. "இன்னொரு வாட்டி ஊத்துங்க மேடம்" என்று கேமராக்காரர் தானாகவே குனிந்து கிட்டப் போய் எடுத்தார். ஆய்வுக் கட்டுரையின் பன்னிரண்டு பக்கமும் அந்த ஒரு பாட்டிலில் இருந்தது.

வாக்கியங்களையும் மாற்றிக்கொண்டேன். தவறான நம்பிக்கையை என் வாயால் சொல்லவே இல்லை. "ஆழமாகப் போடாதீர்கள்" என்று முதலில், தனியாக, இரண்டே சொல்லில். பிறகு காரணம். 'செறிவூட்டல்' என்று சொல்ல வாயெடுத்தேன், நிருபர் "ஊறுறதுன்னே சொல்லுங்களேன்" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

ஒன்றரை நிமிடம் வந்தது. அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து அவரோடு பார்த்தேன். அவருடைய மூன்று லட்சம் திரும்பாது. பழைய 900 அடிக் குழாய்க்குப் பக்கத்தில் குழி வெட்டி, மாடி மழைநீரை வடிகட்டி இறக்கும் வேலையை என் மாணவர்கள் இருவர் போய்ப் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஜூனுக்கு முன் முடித்துவிட வேண்டும்.

நேற்றிரவு பத்தேமுக்காலுக்கு அந்த நிருபர் அழைத்தார். ஏரி நீர் பற்றி வேறு யாரோ பேராசிரியரிடம் பைட் எடுத்திருக்கிறாராம். "மேடம், இந்த வாக்கியத்துல 'என்று'க்கு முன்னாடி வெட்டச் சொல்றாங்க. நான் வேணாம்னுட்டேன். எங்க வெட்டினா அர்த்தம் மாறாது, சொல்லுங்க" என்றார். இரண்டு பேரும் அதை மூன்று முறை கேட்டு ஓர் இடம் கண்டுபிடித்தோம்.