ரைட் கடற்கரையில் ஆர்சாகெல்லைத் தேடி

இலண்டன் வாட்டர்லூவில் ரயிலேறி, போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் படகுக்கு மாறி, சோலண்ட் நீரிணையைக் கடந்து வைட் தீவின் ரைட் நகருக்கு நான் சென்றது ஒரே ஓர் இசைத்தட்டின் பொருட்டு. 1969-இல் வெளிவந்த அந்தத் தட்டுக்கும் அதை வாசித்த குழுவுக்கும் ஒரே பெயர்: ஆர்சாகெல்.

1814-இல் திறக்கப்பட்ட ரைட் படகுத்துறைப் பாலம் கடலுக்குள் ஏறத்தாழ அரை மைல் நீள்கிறது. படகு அதன் முனையில் நிற்பதால் கரைவரை நடந்தேன். கடற்கரைச் சாலையில், கொத்தளங்களோடு கோட்டைபோல எழுப்பப்பட்ட ரைட் காசில் விடுதி இருக்கிறது. 1968 கோடையில், யூரியல் என்ற பெயரில் நான்கு இளைஞர்கள் இங்கே தொடர்ந்து வாசித்தார்கள்: கிதாரில் ஸ்டீவ் ஹில்லேஜ், ஆர்கனில் டேவ் ஸ்டுவர்ட், பேஸ் கிதாரில் மான்ட் கேம்பல், டிரம்ஸில் கிளைவ் புரூக்ஸ். முதல் மூவரும் சிட்டி ஆஃப் லண்டன் பள்ளி மாணவர்கள். தீவின் முதல் பெரிய ராக் விழா காட்ஸ்ஹில் அருகே நடந்ததும் அதே கோடையின் இறுதியில்தான்.

பின்னர் ஹில்லேஜ் கென்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கக் கேன்டர்பரி சென்றுவிட, மற்ற மூவரும் எக் என்ற குழுவாகத் தொடர்ந்தனர். 1969-இல் அவரை மீண்டும் அழைத்து, யூரியல் நாள்களின் இசையை ஒரே அமர்வில் பதிவு செய்தார்கள். டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துடன் எக் செய்திருந்த ஒப்பந்தம் குறுக்கே நின்றதால் உறையில் அனைவருக்கும் புனைபெயர். ஹில்லேஜ் அதில் சிமியன் சாஸ்பரெல்லா. ஆர்சாகெல் என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட தட்டு அது ஒன்றே.

விடுதியின் எதிரே, கடலைப் பார்த்து அமர்ந்து, தட்டின் இரண்டாம் பக்கத்தை முழுமையாகக் கேட்டேன். முதல் பக்கத்துச் சிறு பாடல்களில் அக்காலத்தின் பொதுவான சாயல் மிகுதி. என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது, 16 நிமிடங்களுக்கு மேல் ஓடும் இறுதிப் படைப்புத்தான். ஆர்கன் ஒரே சுருதியில் இருண்டு திரள, எதிரொலியில் நனைந்த கிதார் அதற்குள்ளிருந்து கிளம்பி, திரும்பி வர மறுத்து எங்கோ போய்விடுகிறது. வாசித்த எவருக்கும் இருபது வயது நிரம்பவில்லை. நிறையப் பணமும் நேரமும் கிடைத்திருந்தால் இதன் ஓரங்களைச் செதுக்கி மெருகேற்றியிருப்பார்கள். அந்தத் துணிச்சல் அதில் கரைந்துபோயிருக்கும் என்றே நம்புகிறேன். ஹில்லேஜ் பின்னாளில் காங் குழுவிலும், ஸ்டுவர்ட் ஹாட்ஃபீல்டு அண்டு த நார்த் குழுவிலும் வாசித்தவை இதைவிடத் தேர்ந்தவை. ஆயினும் எனக்கு இதுவே நெருக்கம்.

ஆர்சாகெல் என்பது நிலவிலுள்ள ஒரு பெருங்குழியின் பெயர். 11-ஆம் நூற்றாண்டில் டொலேடோவில் வாழ்ந்த வானியலாளர் அல்-சர்காலியின் பெயர் இலத்தீனில் திரிந்து அப்படியானது. அன்று வளர்பிறை நவமி. கடைசிப் படகுக்காகப் பாலத்தின் முனையில் காத்திருந்தபோது, ஊருக்கு மேலே நின்ற நிலவை இருகண்நோக்கியில் பார்த்தேன். ஒளியும் இருளும் பிரியும் கோட்டருகே மூன்று குழிகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றில் கீழே இருந்த சிறியது ஆர்சாகெல். அதன் உட்புறத்தில் பாதி இன்னும் நிழலில் கிடந்தது.