கிரகரி வாவியில் பழைய வாங்குத் தோழிகள்

2024 ஏப்ரல் 19, வெள்ளி

புத்தாண்டுக்கு ஊர் வந்தவர்கள் வேலைக்குத் திரும்புவதற்குள் நுவரெலியாவின் ஏப்ரல் விழாக்காலமான சீசனுக்குப் போய் வருவதென்று இன்று முடிவாயிற்று. தோட்டப் பாடசாலையில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த நால்வரும் போகிறோம். ரொட்டியும் கட்டச் சம்பலும் மொனிட்டரின் பொறுப்பு. வகுப்பை அடக்கியவள் என்பதால் அவளுக்கு இன்றும் அதுவே பெயர்.

2024 ஏப்ரல் 20, சனி

ஹட்டனில் ரயில் ஏறிச் சிறிது நேரத்திலேயே சிங்கமலைச் சுரங்கம் வந்தது. இருள் சூழ்ந்ததும், குவைத்திலிருந்து விடுமுறையில் வந்திருப்பவள் பிள்ளைகளைப்போல் கூவத் தொடங்க, மொனிட்டர் அதட்டுவதற்குள் அடுத்த பெட்டியிலிருந்தும் பதில் கூச்சல் எழுந்தது. நானுஓயாவில் இறங்கி, கிரகரி வாவிக்குப் பஸ் பிடித்தோம்.

ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் உருவாக்கப்பட்ட வாவி அது. சீறிப் பாயும் மோட்டார் படகுகளை விட்டுவிட்டு, காலால் மிதித்துச் செலுத்தும் அன்னப் படகொன்றை எடுத்தோம். முன்னிருக்கையில் இருந்த இருவரும் மூச்சு வாங்க மிதித்தும், அன்னத்தின் உயர்ந்த கழுத்தில் காற்றுப் பிடித்துப் படகைச் சுழற்றியதால், கரையில் நின்ற மட்டக்குதிரை ஒன்றையே மீண்டும் மீண்டும் பார்த்தோம். சிரித்துச் சிரித்து மிதிக்கும் தெம்பும் போய்விட்டது. அன்று கொடுத்த காசில் இதற்குக் கொடுத்ததுதான் முழுப் பயன் தந்தது என்பது என் கணிப்பு.

பிற்பகலில் களியாட்டத் திடலுக்குப் போனோம். இராட்டினம் உச்சியில் நின்றபோது பிதுருதலாகலை மலையை மூடியிருந்த பனிமூட்டம் தெரிந்தது. நான் அதைத்தான் பார்த்தேன், மற்றவர்கள் கண்களைத் திறந்ததாகத் தெரியவில்லை. அடுத்தது மரணக் கிணறு. பலகைகளால் அமைத்த அந்த வட்டச் சுவரின் விளிம்பில் நின்று குனிந்து பார்க்கையில், மோட்டார் சைக்கிள் சரிவில் வேகமெடுத்துச் செங்குத்துச் சுவருக்கு ஏறியது. நாங்கள் பிடித்திருந்த கம்பி அதிர்ந்தது. ஓட்டுநர் இரு கைகளையும் விட்டுவிட்டு மேலே வந்து, ஒருவர் நீட்டிய நூறு ரூபாய்த் தாளைப் பறித்துச் சென்றார். எங்களில் விஞ்ஞானம் படிப்பிப்பவள், வேகத்தால் சக்கரம் சுவரில் அழுந்துகிறது, அந்த அழுத்தம் தரும் உராய்வே வண்டியைக் கீழே விழாமல் தாங்குகிறது, வேகம் குறைந்தால் உராய்வும் போதாது என்று விளக்கினாள். விளக்கம் முடியும்வரை என் கையை அவள் விடவில்லை. நகம் பதிந்த இடம் இப்போதும் சிவந்திருக்கிறது.

குளிர் ஏறியபின் அவித்த சோளமும் சூடான சாயத் தண்ணியும் கிடைத்தன. ரொட்டி மதியமே தீர்ந்திருந்தது.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

தொடைகள் இரண்டும் மிதித்த கணக்கைக் கேட்கின்றன. காலையிலிருந்து கைபேசியில் படங்கள் வந்தவண்ணம் உள்ளன. இராட்டினத்தில் "அம்மா!" என்று அலறியது யார் என்ற வழக்கு, காணொளி வந்ததும் தீர்ந்தது: மொனிட்டர்தான். அவள் மறுத்து அனுப்பிய குரல் பதிவு மிக நீளமானது. நான் இன்னும் பாதிகூடக் கேட்கவில்லை.