அழுகண்ணிக்கு போர் தண்ணீர் ஆகாது

அழுகண்ணி, பூச்சி பிடித்துத் தின்னும் சிறு செடி. சேலத்தில் இதை வளர்ப்பவர்கள் வெயிலுக்குத்தான் பயப்படுகிறார்கள். அதைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்.

ஏற்காடு மலைக்குக் கீழே மேக்னசைட் எனும் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் பூமி இது. போர் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பாத்திரத்தில் படியும் வெள்ளைக் கறையே சொல்லும். அழுகண்ணியோ சத்தில்லாத ஈர மண்ணில், ஊற்றுக் கசிவோரம் முளைத்துப் பழகியது. தழைச்சத்தைப் பூச்சியிடம் எடுத்துக்கொள்ளும். மண்ணில் உப்பு ஏறினால் வேர் தாங்காது.

மழைத்தண்ணீர்தான் சரி. முதல் மழையில் கூரைத் தூசியெல்லாம் போகட்டும், பிறகு பிடித்து மூடி வையுங்கள். ஏசியில் சொட்டும் தண்ணீரும் ஆகும். கேன் தண்ணீரில் தாது சேர்ப்பதுண்டு, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 50-க்குள் காட்டினால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியைத் தட்டில் வைத்து, தட்டில் எப்போதும் 1 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். மாதம் ஒருமுறை மேலிருந்து மழைத்தண்ணீர் ஊற்றி, தேங்கிய உப்பை அலசிவிடுங்கள்.

மண்: பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) ஒரு பங்கு, கழுவிய சிலிக்கா மணல் ஒரு பங்கு. வேறு மணல் என்றால் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். 4 அங்குல பிளாஸ்டிக் தொட்டி போதும். மண் தொட்டியின் சுவரில் உப்பு ஊறி நிற்கும். உரம், சாணம், மண்புழு உரம் எதுவும் கூடாது.

முழுச் செடியே ஒரு ரூபாய் காசளவுதான். இலை விளிம்பில் நீண்ட மயிர்கள், இலைமேல் உள்ள மயிர்களின் நுனியில் பசைத்துளி. சிற்றெறும்பு சிக்கினால் விளிம்பு மயிர்கள் சில நொடிகளில் உள்ளே மடிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அவ்வளவு வேகம்! பெரிய பூச்சியைப் போடாதீர்கள், இலையோடு சேர்ந்து அழுகும்.

இடம் மாற்றியதும் துளி வற்றினால் பதறவேண்டாம். நடுக்குருத்தைப் பாருங்கள்: புது இலையில் துளி வந்தால் செடி தேறிவிட்டது. குருத்தே கறுத்து, மண்மேல் வெள்ளை பூத்தால் உப்புதான். ஏற்காட்டில் நாள் முழுக்க வெயில் ஆகும். சேலத்தில் சித்திரை வெயிலுக்கு 11 மணிக்கு மேல் நிழல்வலை வேண்டும்.

வெள்ளைப் பூ காலை வெயிலில் சில மணி நேரமே விரியும், தானே கருவுற்றுக் காய்க்கும். விதை கொட்டியபின் செடி காய்ந்துபோவது அதன் இயல்பு, உங்கள் தவறல்ல. தண்டின் கீழே வெள்ளைத் தாள் விரித்துத் தட்டுங்கள். கருந்தூள் போல விழும். ஈர மண்மேல் தூவுங்கள், மூடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். வளர்ப்பதற்காக மலையிலிருந்து செடியைப் பிடுங்கி வராதீர்கள்.