என்எம்ஆருக்குப் புரதம் தயாரிப்பது

என்எம்ஆர் (அணுக்கருக்களின் காந்தப் பண்பை வைத்து மூலக்கூறின் அமைப்பை அறியும் முறை) என்றதும் எல்லாரும் அந்தப் பெரிய காந்தத்தைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் பாதிக்கு மேல் வேலை குழாயில் ஊற்றுகிற அந்த அரை மில்லிலிட்டரில்தான் இருக்கிறது. இயற்கையில் உள்ள நைட்ரஜனில் 99.6 சதவீதம் நைட்ரஜன்-14, அது இந்த வேலைக்கு உதவாது, அதனால் நமக்குப் புரதம் செய்து தரும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு வழக்கமான சத்தான ஊடகத்தைக் கொடுக்காமல், எம்9 என்ற வறட்டு ஊடகத்தில் நைட்ரஜனுக்கு நைட்ரஜன்-15 அம்மோனியம் குளோரைடை மட்டும் போட்டு வளர்க்க வேண்டும். வேறு வழியில்லாமல் அதையே தின்று புரதம் கட்டும், மெதுவாக. கார்பன்-13 குளுக்கோஸும் சேர்த்தால் பர்ஸ் காலி.

அப்புறம் பஃபர், அதாவது பிஹெச் மாறாமல் புரதத்தை வைத்திருக்கும் கரைசல். பிஹெச் 7-ஐத் தாண்டத் தாண்ட அமைடு ஹைட்ரஜன்கள் (புரதச் சங்கிலியில் நைட்ரஜனோடு ஒட்டியிருப்பவை) தண்ணீரோடு வேகமாக இடம் மாறி சிக்னல் மங்கும், 6.5 பக்கம் வைப்பது நல்லது, புரதம் அங்கே கரைந்து நின்றால்! உப்பு கூடினால் கிரையோப்ரோபின் (குளிரவைத்த சிக்னல் உணரி) உணர்திறன் குறையும். காந்தப்புலம் நகராமல் பூட்ட 5 முதல் 10 சதவீதம் கனநீர் (டியூட்டீரியம் உள்ள தண்ணீர்) சேர்க்க வேண்டும்.

3டி அளவீடுகள் நாள்கணக்கில் ஓடும், அதற்குள் வீழ்படிவானால் போச்சு. அதனால் முதலில் ஒரு எச்எஸ்கியூசி (நைட்ரஜன்-ஹைட்ரஜன் ஜோடிகளைப் புள்ளிகளாகக் காட்டும் 2டி படம்) எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் நன்றாகப் பரவியிருந்தால் புரதம் ஒழுங்காக மடிந்திருக்கிறது, நடுவில் கும்பலாக நின்றால் திரும்ப பஃபர் பக்கம் போக வேண்டியதுதான்.