வழியில்லை என்ற பலகை

இருநூறு ஆண்டுகளுக்கு முன் உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்த ஆங்கில ரொமாண்டிக் கவிஞர்கள் இயற்கையைப் போற்றிப் பாடியவர்கள் என்றுதான் கல்லூரியில் படித்தேன். அவர்களுடைய நல்ல கவிதைகள் பலவும் இயற்கையோடிருந்த உறவு அறுந்துபோனதைப் பற்றியவை என்பது வெகு தாமதமாகவே உறைத்தது. 1802 அக்டோபரில் கோலரிட்ஜ் வெளியிட்ட நெடுங்கவிதையில், மேகங்களையும் விண்மீன்களையும் பிறைநிலவையும் பார்த்து நிற்பவர், இவற்றின் அழகு கண்ணுக்குத் தெரிகிறது, நெஞ்சுக்குத்தான் எட்டவில்லை என்கிறார். வேர்ட்ஸ்வொர்த்தும் 1807இல் அச்சான ஒரு சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதை), ஈட்டுவதிலும் செலவழிப்பதிலுமே நம் ஆற்றல் கரைந்துவிட்டது, கடலிலிருந்து தெய்வம் எழுவதைக் காணும், கிறித்தவத்துக்கு முந்தைய பழைய சமயத்தவனாகவாவது பிறந்திருக்கலாம் என்று ஏங்குகிறார்.

இவர்களின் துயரைப் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால், மலையும் கடலும் இருந்த இடத்திலேயே இருக்க, இவர்களுடைய மனம்தான் விலகிப்போயிற்று. அதே காலத்துக் கவிஞரான ஜான் கிளேருக்கு நேர்ந்தது வேறு. அவரிடமிருந்து நிலமே விலக்கப்பட்டது.

1793இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த கிளேருக்கு, ஊரைச் சுற்றியிருந்த மேய்ச்சல் வெளிதான் உலகம். 1809இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி அந்தப் பொதுநிலங்கள் அளந்து பங்கிடப்பட்டு வேலிக்குள் போயின. பழைய நடைபாதைகள் மூடப்பட்டன. அதைவிடக் கொடுமை, வயிற்றுப்பாட்டுக்காக அவரே வேலி போடும் கூலிவேலைக்கும் போனார். இதைப் பற்றிய கவிதையொன்றில், இங்கே வழியில்லை என்று அறிவிக்கும் பலகையை மரத்தில் மாட்டியிருக்கிறார்கள், பறவைகளும் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகவேண்டும் என்பதுபோல, என்று எழுதுகிறார். அந்தக் கசப்பான எள்ளலை வேர்ட்ஸ்வொர்த்திடம் நான் கண்டதில்லை. இன்னொரு கவிதையில் ஸ்வார்டி வெல் என்ற நிலமே, உழைத்து ஓய்ந்தபின் ஊரார் தயவில் விழுந்துவிட்ட ஏழையின் குரலில் முறையிடுகிறது.

சிறுவயதில் ஒருநாள், உலகத்தின் விளிம்பைப் பார்த்துவிடலாம் என்று நெடுந்தூரம் நடந்துபோனதை கிளேர் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பழகிய எல்லையைத் தாண்டியதும், காட்டுப் பூக்களும் பறவைகளும் தம்மை மறந்துவிட்டதாக அந்தச் சிறுவனுக்குத் தோன்றியதாம். இந்த வரியில்தான் நான் திரும்பத் திரும்ப நிற்கிறேன். மற்றவர்கள் இயற்கையைத் தாம் உணராமல்போனதற்கு வருந்தினார்கள், இவரோ பூ தம்மை அறியாமல்போனதற்கு வருந்தினார்.

1832இல் கிளேர் நார்த்பரோவுக்குக் குடிபெயர்ந்தார். தூரம் மூன்றே மைல். போன இடத்தில் எழுதிய கவிதையில், கோடைகாலம் ஓர் அந்நியளாக வந்து நிற்கிறது. அவளுடைய முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.