செங்கோட்டை, சாரல் காலம்

ஜூன் 9
அப்பாவின் இரைப்பைப் புற்றுநோய்க் கட்டியை டெஸ்ட்டுக்கு அனுப்பிய ரிசல்ட் இன்னும் வரவில்லை.

ஜூன் 12
ஹெர்2 என்கிற புரதம் நெகட்டிவ். சிபிஎஸ் மட்டும் பாக்கி, கட்டியில் பிடி-எல்1 புரதம் எவ்வளவு என்று சொல்லும் மார்க். அது ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் கீமோவோடு நிவோலுமாப் என்கிற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்ப்பதில் பலன் கூடும் என்று திருவனந்தபுரம் டாக்டர் பாதி மலையாளத்தில் சொன்னார். ராத்திரி இதைச் சோதித்துப் பார்த்த செக்மேட் 649 ஆய்வைத் தேடிப் படித்தேன். லான்செட், 2021, 1,581 பேர். சிபிஎஸ் ஐந்துக்குக் குறையாதவர்களில் உயிரோடு இருந்த காலம், நடுக்கணக்கில், கீமோ மட்டும் என்றால் 11.1 மாதம், சேர்த்துப் போட்டால் 14.4. வித்தியாசம் 3.3. ஒரு கார் நெல் அறுப்புக்கு வருகிற காலம்.

ஜூன் 13
14.4 நடுக்கணக்குதான். பாதிப் பேர் அதைத் தாண்டியிருக்கிறார்கள். பாதிப் பேர்!

ஜூன் 20
சிபிஎஸ் 8. சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "எட்டுன்னா, நூத்துக்கா?" என்றார். நூற்றுக்குத்தான் சித்தப்பா, ஆனால் இதில் எட்டே நல்லது என்று விளக்குவதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஜூன் 24
முதல் டோஸ். நிவோலுமாப் சீக்கிரம் ஏறிவிட்டது, கீமோ மருந்து ஆக்ஸாலிபிளாட்டின்தான் இழுத்தது. கான்டீனில் ரோஸ் கலரில் பதிமுக வெள்ளம், பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். "ஏட்டி, தண்ணிக்கு எதுக்கு சாயம்?" என்று அப்பா தொடவில்லை. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறியாயிற்று, இனி குளிர்ந்தது எதுவும் ஆகாது, இதைத்தான் குடிக்க வேண்டும்.

ஜூன் 27
சாரல் பிடித்துவிட்டது. ஊருக்கே கொண்டாட்டம், நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறோம். எவர்சில்வர் செம்பைத் தொட்டதும் அப்பா கையை உதறினார், விரலெல்லாம் சுருக்கென்கிறதாம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்று எதிர்வீட்டு மாமா வந்து சொல்லிவிட்டுப் போகிறார். இவரை யார் கேட்டது?

ஜூலை 5
காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. கேபெசிடபின் என்கிற கீமோ மாத்திரையால் என்றால் மாத்திரையை நிறுத்தினால் போதும், நிவோலுமாப் தூண்டிவிட்ட எதிர்ப்புச் சக்தி குடலையே தாக்குகிறது என்றால் ஸ்டீராய்டு வரை போகும், இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும், நான் எதை வைத்து முடிவு செய்வது, ஞாயிற்றுக்கிழமை மாதிரி யாரும் போனே எடுக்கவில்லை, கடைசியில் ஒரு நர்ஸ் எடுத்து எத்தனை தடவை, ரத்தம் உண்டா, வலி உண்டா என்று பொறுமையாகக் கேட்டார். மாத்திரையை நிறுத்தியாயிற்று. உப்புக் கஞ்சி.

ஜூலை 7
நின்றுவிட்டது. மாத்திரைதான் என்கிறார்கள்.

ஜூலை 15
இரண்டாவது டோஸ். தைராய்டு டெஸ்ட்டும் எடுத்தார்கள், இம்யூனோதெரபி அதையும் விட்டுவைக்காதாம். திரும்பும்போது ஆரியங்காவு தாண்டியதும் அப்பா கேட்டார், "அந்தப் பதினோரு மாசம் யாருக்கு?" என் போனைப் பார்த்திருக்கிறார். இந்த மருந்து இல்லாதவங்களுக்குப்பா என்றேன்.

ஜூலை 22
வயலுக்குப் போக வேண்டும் என்று சண்டை. செருப்பில்லாமலாம்.

ஆகஸ்ட் 3
நாளை மறுநாள் ஸ்கேன். வண்டி நாலு மணிக்கு வரும். பழைய சிடியைத் தேடணும்.