ஈரத்தில் செய்வதும் உலர்ந்தபின் பார்ப்பதும்

அடையாளம் காணக்கூடிய உருவங்கள் இல்லாத அரூப ஓவியம் செய்கிறவர்களிடம் எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எதை எங்கே வைக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? உள்ளுணர்வு என்று சொல்லிவிடலாம். கேட்டவரும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சேலத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்தே பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. என் பட்டறையில் உள்ளுணர்வுக்கு இருக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். ஈரமாக இருக்கும் பரப்பைப் பார்த்து, அது உலர்ந்தபின் என்னவாகும் என்று அது கணிக்கிறது. கை வேலை செய்வது ஈரத்தில். பார்ப்பவர் காண்பது உலர்ந்ததை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இரவோ ஒரு வாரமோ ஓடிவிடுகிறது. அந்த நேரத்தில் பலகையின்மேல் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

நான் அதிகம் புழங்குவது வெள்ளைக்கல் தூள். கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் சேர்வராயன் மலையடிவாரத்தில் வெளுத்துக் கிடக்கும் மேடுகளிலிருந்து வெட்டியெடுக்கப்படும் மேக்னசைட் அது. உருக்கு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் செய்வதற்காக அதை 1500 டிகிரிக்கு மேல் சுட்டெடுப்பார்கள். நான் சுடாத கல்லின் பொடியை அரவை மில்லில் மூட்டையாக வாங்கி, பசை கலந்த நீரில் குழைத்து, மரப்பலகையில் பூசுகிறேன். குழைத்த நேரத்தில் அது சாம்பல் பூத்த மங்கிய நிறத்தில் இருக்கும். துகள்களுக்கு இடையில் நீர் நிறைந்திருக்கும்வரை வெளிச்சம் உள்ளே இறங்கிவிடுகிறது. நீர் போய்க் காற்று புகுந்ததும் வெளிச்சம் சிதறித் திரும்பிக் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வருகிறது. ஆகவே ஈரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சாம்பல் நிறங்களில் எது வெளுக்கும், எது அப்படியே நிற்கும் என்பதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. எவ்வளவு பசை போட்டோம், கரண்டியால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தோம் என்பதைக் கைதான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நிறத்தைவிடப் பெரிய கணிப்பு வெடிப்பு. பூச்சின் மேற்பகுதி முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. அடிப்பகுதி ஈரத்தோடு பலகையைப் பற்றிக்கொண்டு விட மறுக்கிறது. இந்த இழுபறி தாங்காத இடத்தில் கோடு பிளக்கிறது. தடிப்பாகப் பூசினால் அகன்ற பாளங்கள், மெல்லிதாகப் பூசினால் நெருங்கிய சிறு கண்ணிகள். இந்த விதி தெரிந்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் சித்திரை வெயிலில் அடிவாரத்துக் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே காயும் பலகைக்கும், கார்த்திகையில் அதே இடத்தில் காயும் பலகைக்கும் விதி ஒன்றாக இருந்தாலும் விளைவு ஒன்றாக இருப்பதில்லை. இத்தாலியரான ஆல்பர்ட்டோ புர்ரி (1915–1995) இந்த வெடிப்பையே தன் ஓவியமாக்கினார். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராக இருந்து 1943இல் பிடிபட்டு, டெக்சாஸில் உள்ள ஹியர்ஃபோர்டு முகாமில் கைதியாக இருந்தபோது வரையத் தொடங்கியவர் அவர். கிழிந்த சாக்குகளைத் தைத்தும் ஒட்டியும் பெயர் பெற்றபின், 1970களில் வெள்ளைக் களிமண்ணையும் துத்தநாக வெள்ளையையும் பசையோடு குழைத்துப் பூசி வெடிக்கவிட்டார். 1968 நிலநடுக்கத்தில் அழிந்த சிசிலியின் கிபெல்லினா ஊரின் இடிபாடுகளை, தெருக்களின் தடத்தை மட்டும் பிளவுகளாக விட்டு, வெள்ளை சிமென்ட்டால் மூடவைத்ததும் அவரே. அந்தப் பணி அவர் காலத்துக்குப் பின் 2015இல்தான் நிறைவடைந்தது. படங்களில் மட்டுமே நான் பார்த்திருக்கும் அவருடைய வேலைகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது, வெடிப்பை எங்கே தொடங்கவிட்டார் என்பதைவிட எங்கே நிறுத்தினார் என்பதுதான்.

நிறுத்துவதற்கு எனக்குக் கைகொடுப்பது திப்பி. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் சல்லடையில் தங்கும் நார்ச்சக்கைதான் அது. சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஆலைகளின் களங்களில் பரப்பிக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு அனுப்புவார்கள். மண்சுவருக்கு வைக்கோல் போட்டு மிதிப்பதுபோல் வெள்ளைக்கல் குழைவில் திப்பியைச் சேர்த்தால், நார் குறுக்கே கிடந்து, ஓடிவரும் வெடிப்பை நடுவழியில் மறிக்கிறது. நான் முதலில் திப்பி கேட்டுப் போனபோது களத்தில் இருந்த அம்மா, "மாட்டுக்குப் போடறத வெச்சி என்ன கண்ணு பண்ணப்போற?" என்று கேட்டார். "பலகையில பூசறதுக்குங்க" என்றேன். அவருக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. ஒரு கை அள்ளி, காதருகே குலுக்கிக் கேட்டுவிட்டு, "இது ஆவாது, இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்று களத்திலேயே போட்டுவிட்டு, வேறு குவியலிலிருந்து அள்ளித் தந்தார். நான் பலகையின்முன் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் காரியம் இதுதான். அவரிடம் போய் யாரும் இதை உள்ளுணர்வு என்று வியப்பதில்லை. கூலி வேலை என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

திப்பியில் கழுவியும் போகாத மாவு மிச்சமிருக்கும். கொதிநீர் ஊற்றினால் அதுவே பசையாகிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்; ஈரக்காற்று பட்டால் கரும்பூசணமும் பிடிக்கும். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் கஞ்சியில் போடும் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) நானும் ஒரு சிட்டிகை சேர்க்கிறேன். அது விஷம் என்பதால் சமையல் பாத்திரம் எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. அதன் மெல்லிய பச்சை நீலம் உலர்ந்தபின் ஓரங்களில் தலைகாட்டும் என்பதையும் நிறக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெடிப்பே வேண்டாத பலகைகளுக்கு மிதமான சூட்டில் சுட்டெடுத்த வெள்ளைக்கல் தூள் இருக்கிறது. அதை மக்னீசியம் குளோரைடு கரைசலில் குழைத்தால் சூடு கிளம்பி, சில மணி நேரத்தில் கல்லாக இறுகும். பிரான்சைச் சேர்ந்த சோரல் 1867இல் உருவாக்கிய சிமென்ட் இது. நீர் வற்றிக் காயாமல் வேதிவினையால் இறுகுவதால் சுருக்கம் குறைவு. அதனாலேயே இதில் எனக்குச் சுவாரசியமும் சற்றுக் குறைவு. நினைத்தது நினைத்தபடி வந்துவிடுகிறது. குளோரைடு கூடிவிட்டால் மழைக்காலத்தில் பரப்பு வியர்க்கும், இரும்பு ஆணிகளை அரித்துவிடும். பித்தளைத் திருகாணிதான் போட வேண்டும்.

மழை மாதங்களில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் பழைய கிடங்கில் வேலை செய்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். அங்கே எந்தப் பலகையும் எளிதில் உலராது. அதனால் அங்கே பூச்சு வேலையை விட்டுவிட்டுச் சாக்கில் வேலை செய்கிறேன். காப்பிக்கொட்டை அடைத்த பழைய கோணிச் சாக்கைக் கடுக்காய்க் கஷாயத்தில் ஊறவைத்துக் காயப்போட்டு, அதன்மேல் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்த நீரைத் தூரிகையால் இழுக்கிறேன். கலம்காரிக் கலைஞர்கள் கறுப்புக் கோட்டுக்குப் பயன்படுத்தும் பழைய முறை அது. தூரிகையில் இருக்கும்போது வெளிறிய பழுப்பாகத் தோன்றும் நீர், கடுக்காயின் துவர்ப்பைத் தொட்டதும் கறுக்கத் தொடங்கி, காற்றுப் பட்டு மேலும் கறுத்துக்கொண்டே போகும். மூடுபனி இறங்கிய நாளில் நார் வழியே கறுப்பு ஊர்ந்து விளிம்பு மசங்கிவிடும். வெயில் எட்டிப் பார்த்தால் கோடு கோடாகவே நிற்கும். இழுக்கும்போதே அன்றைய வானத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் சாக்கு தன் போக்கில் போய்விடும். கறுத்து முடிந்தபின் ஓடும் நீரில் நன்றாக அலசுவது கட்டாயம். தங்கிவிடும் இரும்பு நாளடைவில் சணலைத் தின்றுவிடும்.

சேலத்துப் பொருள்கள் என்றதும், கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளியைப் பயன்படுத்துவதில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. பட்டறைத் தரையைக் கூட்டிய தூசியைக்கூட விலைபேசி விற்றுவிடும் தொழிலில் எனக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

தொழிலின் இன்னொரு பக்கம் வாடிக்கையாளர்கள். ஒரு விடுதியின் வரவேற்பறைக்குப் பெரிய பலகை கேட்ட உள்ளலங்கார நிறுவனம் ஒன்று, முதலில் ஓர் அடிக்கு ஓர் அடி மாதிரி கேட்டது. அது பிடித்துப்போனதும், சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசி, இதே வெடிப்பு சுவர் முழுக்க வேண்டும் என்றது. மாதிரியைச் செய்தது கோடையில். பெரிய பலகைக்கு முன்பணம் வந்தபோது வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. மெதுவாகக் காயும் பரப்பு வேறுவிதமாகத்தான் பிளக்கும் என்று எவ்வளவு விளக்கியும், "ஃபார்முலா ஒண்ணுதானே மேடம்?" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பலகை கைமாறவில்லை. சதுர அடிக் கணக்கில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. மரமும் பொடியும் சதுர அடிக் கணக்கில்தான் செலவாகின்றன. ஒரு மாதத்தின் வெயிலை இன்னொரு மாதத்தில் தரச் சொல்வதுதான் என்னால் ஆகாதது.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் பென்சிலால் எழுதிவைக்கிறேன்: பொடி எங்கே அரைத்தது, பசையும் திப்பியும் என்ன விகிதம், மயில்துத்தம் உண்டா, அடிவாரமா மலையா, என்ன மாதம். வாங்குகிறவர்களில் பலர் அதைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. ஆனால் பின்னாளில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்து, அதை ஒட்டவைக்க யாராவது உட்காரும்போது, முன்புறத்தைவிட அந்தப் பின்புறம்தான் அவருக்கு அதிகம் பயன்படும். சில பலகைகளுக்குக் காப்பிக்கொட்டைத் தோலின் சாயமும் இடுவதுண்டு; அவற்றுக்கு மட்டும், நேர்வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று தனியாக ஒரு வரி சேர்க்கிறேன். அந்தச் சாயம் வெளிச்சத்தில் வெளிறும்.